வெற்றியின் உச்சத்தில் ஆள் வற்றிய படை: 1945-இல் செஞ்சேனையின் உண்மையான பலம்

1960 ஜனவரி 14 அன்று மாஸ்கோவில் உச்ச சோவியத் எனப்பட்ட நாடாளுமன்றக் கூட்டத்தில் பேசிய அன்றைய சோவியத் தலைவர் நிகிதா குருஷ்சோவ், அதுவரை அரசு வெளியிடாமல் காத்துவந்த சில எண்களைச் சொன்னார். 1945 மே மாதம் போர் முடிந்தபோது சோவியத் ஆயுதப் படைகளில் இருந்தவர்கள் 1 கோடியே 13 லட்சத்து 65 ஆயிரம் பேர். 1948-இல் அது 28 லட்சத்து 74 ஆயிரமாகக் குறைந்தது. 1955-இல் மீண்டும் 57 லட்சத்து 63 ஆயிரமாக ஏறியது.

இவற்றில் முதல் எண்தான் இன்றுவரை அதிகம் புழங்குகிறது. ஹிட்லரை சோவியத் யூனியன் வென்றது எப்படி என்ற கேள்விக்குப் பலர் இந்த ஒரு கோடியைத்தான் பதிலாக வைக்கிறார்கள். அள்ள அள்ளக் குறையாத ஆள் கையிருப்பு, அலை அலையாக வந்த வீரர்கள், உயிரைப் பொருட்படுத்தாத ஓர் அரசு என்று கதை போகிறது. அரசு உயிரைப் பொருட்படுத்தவில்லை என்பதைப் பெரிதாக மறுக்க முடியாது. கையிருப்பு குறையவே இல்லை என்பது மட்டும் தவறு. 1945 ஏப்ரலில் பெர்லினை நோக்கி நகர்ந்த ரைஃபிள் டிவிஷன்கள் எனப்பட்ட காலாட்படைப் பெரும்பிரிவுகளில் பெரும்பாலானவற்றில் நான்காயிரம், ஐந்தாயிரம் பேர்தான் இருந்தார்கள். சிலவற்றில் அதுவும் இல்லை. சட்டப்படி இருக்க வேண்டியதில் ஏறத்தாழ பாதி.

ஒரு கோடிப் பேர் கொண்ட படையின் காலாட்படையில் ஆள் இல்லை. இரண்டுமே உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருந்தன என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

ஏட்டில் ஒரு டிவிஷன், களத்தில் ஒரு டிவிஷன்

1941 ஏப்ரலில் வகுக்கப்பட்ட திட்டப்படி ஒரு சோவியத் ரைஃபிள் டிவிஷனில் 14,483 பேர் இருக்க வேண்டும். ஜெர்மனி படையெடுத்த சில வாரங்களிலேயே அந்த அளவு கைவிடப்பட்டது. 1941 ஜூலையில் அதை ஏறத்தாழ 11,000 ஆக்கினார்கள். 1943 ஜூலைத் திட்டத்தில் அது 9,380. இப்படிக் குறைத்தது ஆள் பற்றாக்குறையால் மட்டும் அல்ல. பெரிய டிவிஷனை நடத்தத் தேவையான அனுபவமுள்ள அதிகாரிகளும் வாகனங்களும் தொலைத்தொடர்புக் கருவிகளும் முதல் ஆண்டிலேயே பெருமளவில் அழிந்துபோயிருந்தன. ஆனால் குறைத்த அந்த அளவைக்கூடக் களத்தில் எட்ட முடியவில்லை என்பதற்கு ஆள் பற்றாக்குறைதான் காரணம்.

போரின் கடைசி ஆண்டில் சோவியத் படையான செஞ்சேனையிடம் ஐந்நூறு ரைஃபிள் டிவிஷன்கள் அளவில் இருந்தன. மெலிந்துபோன இரண்டு மூன்று டிவிஷன்களை இணைத்து ஒன்றாக்கியிருக்கலாமே என்று தோன்றும். பொதுவாக அப்படிச் செய்யவில்லை. அதற்கு வலுவான காரணம் உண்டு. தளபதி, அவருடைய அலுவலர்கள், பீரங்கிப் படைப்பிரிவு, தொலைத்தொடர்பு, மருத்துவம், சமையல், வண்டிகள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் டிவிஷன். இந்த அமைப்பை உருவாக்கப் பல மாதங்கள் ஆகும். துப்பாக்கி ஏந்தி முன்னால் போகும் ஆளைச் சில வாரங்களில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்பது அன்றைய கணக்கு. அதனால் அமைப்பை அப்படியே காத்து, தாக்குதலுக்கு முன் ஆள் நிரப்பி, தாக்குதல் முடிந்து மெலிந்தபின் பின்வாங்கி, மறுபடியும் நிரப்பினார்கள். கேட்கக் கொடூரமாக இருக்கிறது, கொடூரமானதுதான். ஜெர்மானியரும் தங்கள் டிவிஷன்களை எலும்புக்கூடுகளாகவே வைத்திருந்தார்கள்.

இழப்பு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. விமானப்படை, கடற்படை, கனரக பீரங்கி, வான் பாதுகாப்பு, ரயில்வே துருப்புகள், பின்தளக் கிடங்குகள், பயிற்சிப் பள்ளிகள், உள்நாட்டு ராணுவ மாவட்டங்கள் ஆகிய அனைத்தும் அந்த 1.13 கோடிக்குள் அடக்கம். ஜப்பானை எதிர்நோக்கித் தூரக்கிழக்கில் போர் முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார்கள். ஜெர்மனியோடு நேருக்கு நேர் நின்ற களப்படையில் அறுபது லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் இருந்தார்கள். அதிலும் அகழியை விட்டு எழுந்து ஓடியவர்கள் சிறுபான்மையினர். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சிறுபான்மையினர்தான்.

1945 ஜனவரி 12 அன்று தொடங்கிய விஸ்துலா-ஓடர் தாக்குதல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மார்ஷல் ழூக்கவின் முதலாம் பெலோருஷ்ய முனையும் மார்ஷல் கோனெவின் முதலாம் உக்ரைனிய முனையும் (பல சேனைகள் கொண்ட படைத்தொகுதியே இங்கே முனை) சேர்ந்து ஏறத்தாழ 22 லட்சம் பேரோடு புறப்பட்டன. மூன்று வாரங்களில் போலந்தைக் கடந்து, பெர்லினிலிருந்து எழுபது கிலோமீட்டர் அளவில் ஓடர் நதிக்கரையை எட்டிவிட்டார்கள். பிறகு இரண்டரை மாதம் அங்கேயே நின்றார்கள். ஏன் நின்றார்கள் என்று 1960-களில் சோவியத் தளபதிகளே பொதுவெளியில் மோதிக்கொண்டார்கள். பிப்ரவரியிலேயே பெர்லினைப் பிடித்திருக்கலாம் என்றார் எட்டாவது காவலர் சேனையை நடத்திய சுயிக்கவ் (போரில் சிறந்து விளங்கிய படைகளுக்குத் தரப்பட்ட பட்டம் ‘காவலர்’). முடிந்திருக்காது என்றார் ழூக்கவ். வெடிமருந்து பின்தங்கிவிட்டது, வலப்புறம் பொமரேனியாவில் எதிரி திரண்டிருந்தான் என்று அவர் காரணங்கள் சொன்னார். அவற்றோடு ஆள் கணக்கும் உண்டு. டிவிஷன்கள் சராசரியாக நாலாயிரம் பேர் அளவுக்கு இறங்கியிருந்தன, சில கம்பெனிகளில் முப்பது நாற்பது பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஸ்டாலின்கிராடைக் காத்த 62-வது சேனைதான் பின்னாளில் எட்டாவது காவலர் சேனை என்று பெயர் மாற்றம் பெற்றது. அதன் நிலையே இது என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த விவாதத்தில் நான் ழூக்கவ் பக்கம். நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் முப்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு தலைநகருக்குள் நுழைவது துணிச்சல் ஆகாது.

விஸ்துலா-ஓடர் மலிவாக முடிந்த வெற்றி என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே நாட்களில் வடக்கே கிழக்கு பிரஷ்யாவில் நடந்தது வேறு. ஜனவரி 13 முதல் ஏப்ரல் 25 வரை நீண்ட அந்தப் போரில் இறங்கியவர்கள் 16 லட்சத்து 69 ஆயிரம் பேர். கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 1 லட்சத்து 26 ஆயிரம். காயமுற்றவர்களையும் நோயுற்றவர்களையும் சேர்த்தால் 5 லட்சத்து 84 ஆயிரம். மூன்றில் ஒருவருக்கும் அதிகம். பிப்ரவரி நடுவில் முடிந்த புடாபெஸ்ட் போர் 80,000 உயிர்களை வாங்கியிருந்தது. ஏப்ரல் 16 தொடங்கி நடந்த பெர்லின் தாக்குதலில் சோவியத் தரப்பில் 78,000 பேர் மீளவில்லை. ஏறத்தாழ 2 லட்சத்து 74 ஆயிரம் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 1945-இன் அந்த நான்கு மாதங்களில் மட்டும் மீளா இழப்பு (இறந்தவர்கள், காணாமல் போனவர்கள், சிறைப்பட்டவர்கள்) எட்டு லட்சம், காயமும் நோயும் 22 லட்சம். எதிரி நிலைகுலைந்து தோற்றுக்கொண்டிருந்த காலத்துக் கணக்கு இது.

குறைந்த ஆளை இரும்பால் ஈடுசெய்தார்கள். பெர்லின் தாக்குதலுக்குத் திரட்டிய பீரங்கிகளும் மோர்ட்டார்களும் 41,600. டாங்கிகளும் தானியங்கி பீரங்கிகளும் 6,250. விமானங்கள் 7,500. ஏப்ரல் தொடக்கத்தில் கிழக்கு பிரஷ்யாவின் தலைநகரான கோனிக்ஸ்பெர்க் கோட்டையை நான்கே நாட்களில் உடைத்தபோதும், பெர்லின் தெருக்களிலும், சிறிய தாக்குதல் குழுக்களே முன்னால் போயின. கொஞ்சம் காலாட்படை வீரர்கள், அவர்களோடு ஓரிரு டாங்கிகள், நேரடியாகக் குறிபார்த்துச் சுடும் பீரங்கிகள், வெடிவைக்கும் பொறியாளர்கள், தீயுமிழ் கருவி. ஆள் வெள்ளத்தால் வென்றார்கள் என்பவர்கள் இந்த அமைப்பைக் கவனிக்க வேண்டும். இருக்கிற சில பேரை எப்படிக் காப்பது என்று யோசித்த படைதான் இப்படி இயங்கும். 1941-இல் இருந்த செஞ்சேனைக்கு இது தெரியாது. 1945-இல் இருந்ததற்குத் தெரியும்.

மூன்றரைக் கோடிப் பேரின் கணக்கு

சோவியத் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் ஆவணங்கள் திறக்கப்பட்டபோது, கர்னல் ஜெனரல் கிரிகோரி கிரிவோஷெயெவ் தலைமையில் ஒரு குழு இழப்புகளைத் தொகுத்து 1993-இல் வெளியிட்டது. இறந்தோர் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். குறிப்பாக 1941, 1942 ஆண்டுகளுக்கான எண்கள் மீது அந்த ஐயத்துக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. சுற்றி வளைக்கப்பட்ட சேனைகள் அறிக்கை அனுப்பவில்லை. இருந்தாலும் ஆள் வரவு, ஆள் செலவு இரண்டையும் ஒரே ஏட்டில் காட்டும் வேறு முழுமையான தொகுப்பு இல்லாததால் அதையே பின்பற்றுகிறேன்.

போர் தொடங்கியபோது பணியில் இருந்தவர்கள் 49 லட்சம். போரின்போது கூடுதலாக அழைக்கப்பட்டவர்கள் 2 கோடியே 95 லட்சத்துக்கும் மேல். ஆக மொத்தம் 3 கோடியே 44 லட்சத்து 76 ஆயிரத்து 700. இதில் 4,90,235 பேர் பெண்கள். பிற வழிகளில் சேர்ந்தவர்களையும் கூட்டினால் போரில் பணியாற்றிய பெண்கள் எட்டு லட்சம் அளவில் இருப்பார்கள். 1945 ஜூலை 1 அன்று மிஞ்சியவர்கள் 1 கோடியே 28 லட்சத்து 39 ஆயிரத்து 800. அவர்களில் தரைப்படையிலும் கடற்படையிலும் 1 கோடியே 13 லட்சத்து 90 ஆயிரத்து 600 பேர், மருத்துவமனைகளில் 10 லட்சத்து 46 ஆயிரம் பேர், ராணுவச் செலவில் இயங்கிய பிற துறைப் பிரிவுகளில் 4 லட்சத்து 3 ஆயிரம் பேர்.

இடையில் இரண்டு கோடியே பதினாறு லட்சம் பேர் படையை விட்டு அகன்றிருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், காணாமல் போனார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். போர்க்கால அறிக்கைகளின்படி அந்த எண்ணிக்கை 1 கோடியே 14 லட்சம். சிறையிலிருந்து போருக்குப்பின் திரும்பிய 18 லட்சத்து 36 ஆயிரம் பேரையும், காணாமல் போனவர்களாகக் கருதப்பட்டு, மீட்கப்பட்ட பகுதிகளில் மறுபடி படைக்கு அழைக்கப்பட்ட 9 லட்சத்து 39 ஆயிரம் பேரையும் கழித்தால், உயிரிழந்தவர்கள் 86 லட்சத்து 68 ஆயிரம். அடுத்து, காயத்தாலும் நோயாலும் விடுவிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 38 லட்சம். அவர்களில் 25 லட்சத்து 76 ஆயிரம் பேர் நிரந்தரமாக ஊனமுற்றவர்கள். இந்த வரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கையோ காலோ கண்ணோ இழந்து வீடு திரும்பிய இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள், போர் நினைவுச்சின்னங்களின் கல்லில் எங்கும் இல்லை.

தொழிற்சாலைகளுக்கும் காவல் பணிகளுக்கும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 36 லட்சம். உள்துறைத் துருப்புகளுக்குப் போனவர்கள் கிட்டத்தட்ட 12 லட்சம். போலந்து, செக்கோஸ்லோவாக்கியா போன்ற நட்புப் படைகளுக்குத் தரப்பட்டவர்கள் இரண்டரை லட்சம். தண்டனை பெற்றுச் சிறைக்கு அனுப்பப்பட்டவர்கள் 4 லட்சத்து 36 ஆயிரம். தண்டனைப் பிரிவுகளில் சேர்க்கப்பட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு.

காயமுற்றவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினரை மருத்துவர்கள் மறுபடி அணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். போரின் பிற்பகுதியில் செஞ்சேனைக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆள் ஊற்று இதுதான் என்பது என் மதிப்பீடு. புதிதாகப் பிடித்து வந்த பதினெட்டு வயதுப் பையனைவிட, இரண்டு முறை சுடப்பட்டுப் பிழைத்தவன் ஒரு கம்பெனிக்கு எவ்வளவோ பயன்பட்டான்.

கடைசி ஆட்களைத் தேடி

பற்றாக்குறை 1945-இல் திடீரென்று வந்ததல்ல. 1942 ஜூலை 28 அன்று ஸ்டாலின் கையெழுத்திட்ட 227-ஆம் எண் ஆணை பின்வாங்குவதைத் தடுத்ததற்காகவே நினைவுகூரப்படுகிறது. அதே ஆணை, ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலம் பறிபோய்விட்டது, ஆள் கையிருப்பில் ஜெர்மானியரைவிட நமக்கு இனி மேலாதிக்கம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வற்றாத கையிருப்பு பற்றிப் பேசுகிறவர்கள், அந்தக் கையிருப்பை எண்ணி வைத்திருந்தவரே 1942-இல் என்ன சொன்னார் என்று படித்தால் போதும்.

அதற்குப் பிறகு ஆள் வந்தது பெரும்பாலும் மீட்ட நிலத்திலிருந்துதான். 1943, 1944 ஆண்டுகளில் உக்ரைனும் பெலோருஷ்யாவும் மீட்கப்பட்டபோது, முன்னேறிய சேனைகள் ஊர் ஊராக ஆண்களைத் திரட்டின. பலர் போதிய பயிற்சி இல்லாமல், சிலர் சீருடைகூட இல்லாமல், களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் எதிரியின் கீழ் வாழ்ந்தவர்கள் என்ற சந்தேகமும் அவர்கள் மேல் இருந்தது. 1944-இன் இறுதியில் மேற்கு உக்ரைன், மால்தோவா, பால்டிக் பகுதி ஆட்களும் வந்தார்கள். 1945-இல் ஜெர்மன் முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட சோவியத் போர்க்கைதிகளுக்கும், அடிமை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட இளைஞர்களுக்கும் விசாரணை முடித்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்த மனிதனை அடுத்த வாரம் தாக்குதலுக்கு அனுப்புவது ஆள் மிகுந்த நாடு செய்யும் காரியமா?

இதற்கு எதிர்த்திசையிலும் முடிவுகள் எடுக்கப்பட்டன. 1943 அக்டோபர் 13 அன்று, ஸ்டாலின் தலைமையில் போரை நடத்திய உச்ச அமைப்பான அரசு பாதுகாப்புக் குழு, மத்திய ஆசியாவையும் காக்கசஸ் பகுதியையும் சேர்ந்த உள்ளூர் இனங்களில் 1926-இல் பிறந்தவர்களைப் படைக்கு அழைப்பதை நிறுத்தியது. 1943 டிசம்பரில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கல்மிக் இன மக்களின் மகன்களை 1944-இல் போர்முனையிலிருந்தே பிரித்தெடுத்து, ஊரால் மலைப்பகுதியில் ஷிரோகவ்ஸ்கி நீர்மின் கட்டுமானத்துக்கு வேலையாட்களாக அனுப்பினார்கள். நன்றாகப் போரிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆள் இல்லாத நாளில், இனத்தைப் பார்த்துப் போர்வீரனைக் கைதியாக்கிய இந்தச் செயலை எந்தப் போர்த் தேவையும் நியாயப்படுத்தாது.

1927-இல் பிறந்தவர்களை 1944 இலையுதிர் காலத்தில் அழைத்தார்கள். பதினேழு வயது. போர்க்காலத்தில் அழைக்கப்பட்ட கடைசி அணி இதுதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் பையன்களைப் பெரும்பாலும் ஜெர்மனிக்கு எதிரான முனைக்கு அனுப்பவில்லை. டிவிஷன்கள் பாதியாகக் கிடந்தபோதும் அவர்களைப் பயிற்சிப் பிரிவுகளிலேயே வைத்திருந்தது, இந்தக் கதையில் அரசு எடுத்த அரிதான நல்ல முடிவு. 1923-ஆம் ஆண்டுப் பையன்களில் நூற்றுக்கு மூன்று பேரே பிழைத்தார்கள் என்று ரஷ்யாவில் அடிக்கடி சொல்லப்படுவது மிகை. ஆனால் அந்த வயதினர் அடைந்த அழிவு கடுமையானது, அதை 1927-க்கும் நீட்டிக்கவில்லை என்பது பெரிய விஷயம்.

வீட்டுக்கு அனுப்புதல்

1945 ஜூன் 23 அன்று, மாஸ்கோ வெற்றி அணிவகுப்புக்கு முந்தைய நாள், உச்ச சோவியத் படைவிடுவிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. களப்படையில் மிக மூத்த பதின்மூன்று வயது அணிகள் முதலில் விடுவிக்கப்பட்டன. நாற்பது வயதிலிருந்து ஐம்பத்திரண்டு வரை இருந்த ஆண்கள் அவர்கள். படையில் அந்த வயதினர் முப்பது லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள் என்பதே, இளைஞர்கள் எந்த அளவுக்குத் தீர்ந்துபோயிருந்தார்கள் என்பதற்குச் சான்று. இலவசப் பயணம், வழிச் சாப்பாடு, ஒரு சோடி உடையும் காலணியும், பணியாண்டுகளுக்கு ஏற்ற ரொக்கம், ஒரு மாதத்துக்குள் வேலை ஆகியவற்றைச் சட்டம் உறுதியளித்தது. செப்டம்பர் 25 ஆணை அடுத்த பத்து வயது அணிகளையும், பெண்களையும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை காயமுற்றவர்களையும் விடுவித்தது. 1946 மார்ச் 20 ஆணை இன்னும் ஆறு அணிகளை. 1948-க்குள் ஏறத்தாழ 85 லட்சம் பேர் வீடு திரும்பியிருந்தார்கள்.

எல்லோரும் மேற்கிலிருந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. கோனிக்ஸ்பெர்க் பகுதியில் போரிட்ட ஐந்தாவது, 39-வது சேனைகளும், பிராக் அருகே இருந்த 53-வது சேனையும் ஆறாவது காவலர் டாங்கி சேனையும் மே மாதம் தொடங்கி ரயிலில் ஏற்றப்பட்டு, சைபீரியாவைக் கடந்து கிழக்கே போயின. ஆகஸ்ட் 9 அன்று மஞ்சூரியாவில் பாய்ந்த பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரில் அவர்களும் இருந்தார்கள். அங்கே மீளா இழப்பு 12,031.

விடுவிப்பு வேகமாக நடந்ததற்குக் காரணம் கருணை அல்ல, வயல். கூட்டுப்பண்ணைகளில் ஏர் பிடிக்கவும் சுரங்கத்தில் இறங்கவும் ஆண் இல்லை. 1946-இல் வறட்சி வந்தது, அரசின் கடுமையான தானியக் கொள்முதல் அதைப் பஞ்சமாக்கியது. திரும்பி வந்தவர்களுக்குச் சலுகைகள் நீடிக்கவில்லை. 1947-இன் இறுதியில் மே 9 வெற்றி நாள் விடுமுறை நீக்கப்பட்டது. அது திரும்ப வந்தது 1965-இல்தான். பதக்கங்களுக்கு மாதந்தோறும் கிடைத்துவந்த பணம் 1948 தொடக்கத்திலிருந்து நின்றது. 1959 கணக்கெடுப்பில் பெண்களைவிட ஆண்கள் இரண்டு கோடிக்கும் மேல் குறைவாக இருந்தார்கள்.

1927-ஆம் ஆண்டுப் பையன்களுக்கு வேறொரு விலை இருந்தது. அவர்களை விடுவித்தால் இடத்தை நிரப்ப ஆள் இல்லை. போருக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் புதிய ஆள்சேர்ப்பு மிகக் குறைவு. அதனால் அவர்களில் பலர் ஆறு, ஏழு ஆண்டுகள் சீருடையிலேயே இருந்து, 1951 வாக்கில்தான் ஊர் திரும்பினார்கள்.

டிவிஷனை எண்ணியவர்கள்

மாஸ்கோ இந்த எண்கள் அனைத்தையும் மறைத்தது. ஸ்டாலின் 1946 மார்ச்சில் மொத்தமாக எழுபது லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னார். குடிமக்களையும் சேர்த்து இரண்டு கோடியே அறுபத்தாறு லட்சம் என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் எண். தன் பலவீனத்தை வெளியில் காட்டக்கூடாது என்ற அச்சம் இதில் தெரிகிறது. அதன் விளைவு மேற்கில் நேர்மாறாக இருந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் படையைக் கலைத்துவிட்டன, சோவியத் கலைக்கவில்லை என்ற நம்பிக்கை பரவியது. 1940-களின் இறுதியிலிருந்து 175 சோவியத் டிவிஷன்கள் என்ற எண் நேட்டோ திட்டங்களின் அடித்தளமானது. அவற்றை மேற்கத்திய டிவிஷன்களோடு ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டார்கள். பாதி நிரம்பியவையும் பெயரளவில் அலுவலர்கள் மட்டும் இருந்தவையும் அந்தப் பட்டியலில் கணிசம். சோவியத் டிவிஷன் அமெரிக்க டிவிஷனைவிட அளவில் சிறியதும்கூட. 1945-இல் ஓடர் கரையில் நின்ற நாலாயிரம் பேர் டிவிஷனை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மெக்னமாராவின் ஆய்வாளர்கள், இத்தனை டிவிஷன்களை முழுமையாக வைத்திருக்க எத்தனை ஆள், எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போட்டபோதுதான் அந்த 175 ஆட்டம் கண்டது. குருஷ்சோவ் 28 லட்சத்து 74 ஆயிரம் என்று சொன்னபோது அதைப் பிரசாரம் என்று ஒதுக்கியவர்கள் பலர். பின்னால் திறக்கப்பட்ட ஆவணங்கள் அந்த எண்ணைப் பெரிதும் உறுதிசெய்தன.